உலகத்துக்கு இடுப்பளவு எடுத்தவள்

என் அக்கா தொப்பி தைப்பவள். முப்பது வருடமாக அளவு டேப் அவள் கழுத்திலேயே தொங்குகிறது. அளந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள். அளந்துவிட்டாலோ, கடவுளே வந்து சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டாள். அந்தப் பிடிவாதம்தான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

அவளுடைய ஒரே மகள் பூமியின் மறுபக்கத்து நகரம் ஒன்றில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தினமும் போன். அக்காவுக்கோ காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் கோளாறு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்காரக் கூடாது, நடுவில் இறங்கி மாறும் அலைச்சலும் ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அக்கா யாரையும் கேட்கவில்லை. கடைச் சுவரிலிருந்த உலகப் படத்தில் டேப்பை வைத்தாள். படத்தின் ஓரத்தில் போட்டிருந்த அளவுப்படி பதினைந்தாயிரம் கிலோமீட்டர் வந்தது. விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் போனாலும் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உடனே மகளைக் கூப்பிட்டு, வர முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் ஒரே அழுகை. இந்தப் பக்கம் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. டிக்கெட் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன் என்றதற்கு, டேப் பொய் சொல்லுமா என்று என் மேல் எரிந்து விழுந்தாள்.

நான்காம் நாள் காலை, நான் எழுத்தராக இருக்கும் பள்ளிக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் தொப்பி உச்சிக்கு வெட்டிய ஆறு துணித் துண்டுகள், ஒவ்வொன்றும் மேலே கூம்பியது. என் பைல்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு அவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பினாள்.

“இங்க பாருடா. பரப்பி வச்சா நுனிக்கு நுனி எவ்வளவு தள்ளி நிக்குது? தைச்சா ஆறும் ஒரே புள்ளியில வந்து ஒட்டிக்கும். உருண்டையா இருக்கிற பூமிய இப்படித்தான் தட்டையா விரிச்சிருக்காங்க. நான் இல்லாத துணியையும் சேத்து அளந்துட்டேன்.”

அலமாரியைத் திறந்து பெரிய உலக உருண்டையை எடுத்துக் கொடுத்தேன். முதல் வேலையாக அதற்கு இடுப்பளவு எடுத்தாள். நாற்பது அங்குலம். பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று புவியியல் ஆசிரியை எட்டிப் பார்த்துச் சொன்னார். ஆக, அங்குலத்துக்கு ஆயிரம். பிறகு இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தாள். நூல் கடலை விட்டு நழுவி, வடக்கே ஏறி, உச்சியிலிருந்த பனிப் பிரதேசத்தின் மேல் போய் நின்றது. பத்தேகால் அங்குலம்தான். அந்தப் பத்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைத் தொள்ளாயிரத்தால் வகுத்தேன், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது.

டிக்கெட் ஆபீஸுக்குப் போன் போட்டோம். நேர் விமானம் இருந்தது, பதினொன்றரை மணி நேரம். காலை இறுக்கிப் பிடிக்கும் உறை போட்டுக்கொண்டு, மணிக்கொரு தரம் எழுந்து நடப்பதானால் போகலாம் என்றார் டாக்டர். அக்கா என் மேசையிலிருந்தே மகளைக் கூப்பிட்டாள்.

“அம்மா தப்பா அளந்துட்டேன்டி. நீ அவ்வளவு தூரத்துல இல்ல. வரேன்.”