திரும்பி விழுந்த இங்கிலாந்து

நான் கத்தி வாங்கிய கதையைச் சொன்னால் என் பிள்ளைகள் இன்றும் முகத்தைச் சுளிக்கிறார்கள். தெரிந்தே போலிச் சரக்கு வாங்கியவளாம். வாங்கினேன்தான், அதற்கென்ன இப்போது?

நீலசந்திராவில் எங்கள் சந்தில் அந்நாளில் ஒரு வழக்கம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிள்ளைகள் மூங்கில் பிளப்போம். கணுவில் முறியாமல் அதிகக் குச்சி பிளக்கிறவர் செய்யும் நட்சத்திரம்தான் சந்து முனைக் கம்பத்தில் தொங்கும். மூன்று வருஷமாகத் தொங்கியது பெரியப்பா மகனுடையது. பெரியப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பட்லர். துரை கப்பலேறும்போது கொடுத்த சீமைப் பேனாக்கத்தி அந்த அண்ணனிடம் இருந்தது. என்னிடம் அரிவாள்மணைதான்.

"நீ பசை காய்ச்சிக் குடு, போதும்" என்பான். எனக்கு வயிறெரியும். ஒரே ஒரு தடவை என் நட்சத்திரம் அங்கே தொங்கிவிட்டால் போதும், அப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

சிவாஜிநகர் பிளாட்பாரத்தில் சாணை பிடிக்கும் பாய் ஒருவர் பழைய மிலிட்டரி லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துக் கத்தி செய்து விற்றார். அதில் 'மேட் இன் இங்கிலாந்து' என்று எறும்பளவு ஆங்கில முத்திரை. எழுத்தெல்லாம் இடவலம் மாறி விழுந்திருந்தது. கண்ணாடியில் காட்டினால்தான் நேராகத் தெரியும்.

"இது நக்லி பேட்டா, போலி" என்று அவரே சொன்னார். "அச்சு வெட்டினவன் எழுத்தைத் திருப்பி வெட்ட மறந்துட்டான். அஸ்லி, அசல் வேணும்னா பெரிய கடைக்குப் போ. ஆனா இரும்பு நல்ல இரும்பு."

விற்றவர் பொய் சொல்லவில்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். உண்டியலைக் கவிழ்த்து வாங்கி வந்து, சீமைக் கத்தி என்று சந்து முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். அப்பாவிடம் மட்டும் காட்டவில்லை. அவர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர். பொய்ப்பேர் போட்ட சாமானை வாங்குவது பொய்ச்சாட்சி சொல்வதற்குச் சமம் என்று, போலி லேபிள் ஒட்டிய சோப்பைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்.

போட்டியன்று அண்ணனின் கத்தி மூன்றாவது கணுவிலேயே பல் விழுந்தது. துரை கடிதம் பிரித்த கத்தி, பாவம், மூங்கிலைக் கண்டதா என்ன? என்னுடையது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. இருபதுக்கு மேல் பிளந்துவிட்டு நிமிர்ந்தேன். அண்ணன் குதித்தான்.

"செல்லாது. அது நக்லி. பிளாட்பாரத்துல இவ வாங்கினதை நான் பாத்தேன். எழுத்தே கோணலா இருக்கு."

சந்தே கூடிவிட்டது. பெரியப்பா கத்தியைப் பிடுங்கி, வேலை முடிந்து அப்போதுதான் வந்த அப்பாவிடம் நீட்டினார். "தம்பி, இங்கிலீஷ் படிச்சவன் நீதான். பொய்யும் சொல்ல மாட்ட. நீயே பாத்துச் சொல்லு."

அப்பா கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். மூங்கில் கிழித்து இரண்டு விரலில் ரத்தம் கசிந்திருந்தது.

"மேட் இன் இங்கிலாந்து" என்று தடங்கலில்லாமல் வாசித்தார். "சீமைச் சரக்குதான்."

பெரியப்பாவே ஏணி போட்டு என் நட்சத்திரத்தைக் கட்டினார். அண்ணன் கீழே நின்று கயிறு பிடித்தான். அன்று என் கால் தரையில் பாவவில்லை. நாள் முழுக்க அச்சகத்தில் இடவலம் மாறிய ஈய எழுத்துகளையே பார்த்துப் பழகிய கண் என்பதால் அப்பாவுக்கு எழுத்து மாறியிருந்ததே தெரியவில்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அப்பாவையே ஏமாற்றிவிட்டேன் என்றால் நான் லேசுப்பட்டவளா?

மறுநாள் காலை அப்பா கத்தியைக் கேட்டு வாங்கினார். துவைக்கிற கல்லில் தண்ணீர் தெளித்து, முத்திரை இருந்த இடத்தை ஓரெழுத்து விடாமல் தேய்த்துவிட்டு, துடைத்து என்னிடம் தந்தார்.

"இப்ப யார்கிட்ட வேணா காட்டு" என்றார்.

நான் அம்மாவிடம் ஓடிப்போய் முறையிட்டேன். பாவம் அப்பா, அசல் என்று நம்பித் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, அந்தச் சீமை முத்திரையின் அருமை தெரியாமல் தேய்த்து அழித்துவிட்டாரே என்று அன்று முழுக்க அவருக்காக வருத்தப்பட்டேன்.