யானைக்குட்டியிடம் ‘சா’ என்றேன்!

2004-ஆம் ஆண்டு நடந்தது இது. நான் பர்மாவில் யாங்கூன்காரி, வீடு அலோன் பேட்டைப் பக்கம். ஆனால் கதை நடந்தது ஆப்பிரிக்காவில்! என் அக்கா, ஜாம்பியா நாட்டில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே போயிருந்தாள். அவளுக்குத் தலைப்பிரசவம். நீ வந்தால்தான் ஆச்சு என்று போனில் ஒரே அழுகை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போன கொஞ்ச நாளிலேயே குழந்தை பிறந்தது. பின்னாலேயே அக்காவின் மாமியாரும் ஊரிலிருந்து வந்து இறங்கினார். அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் ஒரு டம்ளரைக் கழுவினாலும் குற்றம், குழந்தையைத் தூக்கினாலும் குற்றம். எனக்கோ சும்மா உட்கார்ந்தால் கை கால் எல்லாம் அரிக்கும். தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்க்கிற சரணாலயம் ஒன்று பக்கத்தில் இருப்பதாகவும், சம்பளமில்லாமல் வேலை செய்ய ஆள் தேடுவதாகவும் அத்தான் சொன்னார். மறுநாளே போய் நின்றுவிட்டேன்.

சாணி அள்ளுவது, தண்ணீர்த் தொட்டி தேய்ப்பது, பால் பாட்டில் கழுவுவது, இவைதான் வேலை. என்னைப் போலவே அங்கே ஒரு தமிழ் அம்மாளும் வந்துகொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரர், வயது ஐம்பதுக்கு மேல். கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. பார்த்த முதல் நாளே அத்தை என்று கூப்பிடச் சொல்லிவிட்டார். “ஏட்டி, ரங்கூன்ல இருந்துக்கிட்டு நல்லாத் தமிழ் பேசுதியே!” என்று என் கன்னத்தைக் கிள்ளினார். மரப்பட்டையை அரைத்து நாங்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் தனாக்கா அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. அதை மோந்து பார்த்துவிட்டு, “சந்தனமா? வாசமாத்தான் இருக்கு” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு குட்டி வந்தது. கிணற்றில் விழுந்து கிடந்த பெண்குட்டி. அதைத் தூக்கி எடுப்பதற்குள் யானைக்கூட்டம் போய்விட்டதாம். என் இடுப்பு உயரம்கூட இல்லை. பாலைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாயின் வயிறு என்று நினைத்துத் தும்பிக்கையைச் சாய்த்துக்கொள்ளட்டும் என்று அந்த ஊர்க்காரரான காப்பாளர் ஒரு கம்பளியைக் கட்டித் தொங்கவிட்டார். அதற்கும் மசியவில்லை. இன்றைக்கும் குடிக்காவிட்டால் பிழைக்காது என்று அவர் சொல்லிவிட்டார்.

தொட்டி தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் அந்தக் குட்டி தள்ளாடித் தள்ளாடி வந்தது. தும்பிக்கையை நீட்டி என் கன்னத்துத் தனாக்காவை மோந்தது. காப்பாளர் சத்தமில்லாமல் பாட்டிலை என் கையில் கொடுத்தார். நான் என்னத்தைக் கண்டேன்! எங்கள் அம்மா எங்களைக் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுவது போலவே ஆரம்பித்தேன்.

“சா கண்ணு… சா… சா…”

ரப்பரை வாயில் வைத்துக்கொண்டதே! ஒரு வாய் உறிஞ்சியது. இரண்டாவது வாய் உறிஞ்சுவதற்குள் என் தோளை யாரோ பிடித்து இழுத்தார்கள். பாட்டில் எகிறிப் போய் மண்ணில் விழுந்தது. குட்டி மிரண்டு ஓடியது. திரும்பினால், அத்தை! முகமெல்லாம் சிவந்து நிற்கிறார்.

“வாயக் கழுவுட்டி! வாயில்லாச் சீவனப் பாத்துச் சாவுங்கியே, நீயெல்லாம் பொம்பளையா?”

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. காப்பாளருக்கு எங்கள் இரண்டு பேரையுமே புரியவில்லை. இருவரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். வேலிக்கு வெளியே நின்றுதான், “ஐயோ அத்தை! எங்க பர்மாவுல சான்னா சாப்பிடுன்னு அர்த்தம். எங்க வீட்டுல தமிழையும் பர்மா பாஷையையும் கலந்துதான் பேசுவோம்” என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அத்தனை வருடம் அந்தச் சொல்லைச் சொல்லியும் அதற்குள் சாவு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. அவருடைய ஒரே பையன் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டானாம். அதற்குப் பிறகு அவர் வீட்டில் கோபத்தில்கூட யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லையாம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

காப்பாளர் மறுபடி உள்ளே விட்டதும், அத்தைக்காக ‘குடி கண்ணு’, ‘சாப்பிடு ராசாத்தி’ என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கழுதை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘சா’ என்றால்தான் ஓடி வந்தது. காப்பாளரும் சொல்லிப் பார்த்தார், அந்தக் கனத்த குரலுக்குக் குட்டி வரவில்லை. நான் பால் கொடுக்கும்போது அத்தை பக்கத்தில் நின்று அதன் காதை வருடுவார். நான் வாய் திறந்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். குட்டிக்கு அத்தையை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் பாட்டிலை அவர் நீட்டினால், அந்தச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். அவருக்கோ அது வாயில் வராது.

என் விசா முடிந்தது. கிளம்பும் நாளில், “அத்தை, நீங்க சொன்னாத்தான் அது குடிக்கும். அதுக்கு வேற யாரு இருக்கா?” என்றேன். மிச்சமிருந்த தனாக்காவையும், யாங்கூனில் எங்கள் பக்கத்து வீட்டுப் போன் நம்பரையும் அவர் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன். விமானத்தில் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

யாங்கூன் வந்த மறுநாளே, “ஆப்பிரிக்காவுல இருந்து போன்!” என்று பக்கத்து வீட்டுக்காரர் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஒரே இரைச்சல். அதற்கு நடுவே அத்தை விம்முவது மட்டும் கேட்டது.

“ஏட்டி… சா…”

லைன் கரகரவென்றது. பிறந்ததிலிருந்து சோற்றோடு சேர்த்துக் கேட்ட சொல், அன்றைக்குத்தான் என் காதில் தமிழாக விழுந்தது. குட்டி போய்விட்டது என்று நினைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“கேக்குதாட்டி? சான்னு சொல்லிட்டேன்! ரெண்டு நாளாப் பட்டினி கெடந்துது. பாக்க முடியலட்டி. உன் சந்தனத்தக் கன்னத்துல அப்பிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, சா தாயீ, சான்னு சொல்லிட்டேன். பூராப் பாலையும் குடிச்சிட்டு! இப்ப என் சேலையப் புடிச்சு இழுக்கு, இன்னும் வேணுமாம்!”

நான் அழுதேன், சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்று என் மகளுக்குச் சோறு ஊட்டும்போது நானும் “சா, சா” என்றுதான் கெஞ்சுகிறேன். தன் பிள்ளையைக் கொண்டுபோன சொல்லாலேயே இன்னொரு பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொண்ட அந்த அத்தையின் குரல், ஒவ்வொரு கவளத்திலும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.