மழை காட்டும் கார்டு

கம்ப்யூட்டர் செத்துப்போனதற்கு என் வீட்டுக்காரர்தான் காரணம். லாரிக்காரர் புத்தி! தூசி அடைத்தால் பஞ்சர் கடையில் ஏர் அடித்துவிட வேண்டும், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். இன்ஜின் ஃபில்டருக்குச் செய்வதையே, திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டுக்கும் செய்தார். செயற்கைக்காலை இழுத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்து, டயருக்குப் பிடிக்கிற காற்றை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் காற்றோடு தண்ணீரும் தெறிக்கும். விசிறியில் ஒரு இறக்கை உடைந்தது. திரும்ப மாட்டினால் திரையில் ஒன்றுமே வரவில்லை.

"பளபளன்னு ஆயிருச்சு பாரு புள்ள" என்றார், அப்போதும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

அந்தக் கம்ப்யூட்டர் என் தம்பி விளையாட வாங்கியது. வேலை கிடைத்து ஓசூர் போனபோது, மேஜையில் பொருத்துகிற ஸ்டியரிங், பெடலோடு இவருக்கு விட்டுவிட்டுப் போனான். தொப்பூர் இறக்கத்தில் மழையில் லாரி கவிழ்ந்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே போனபிறகு, இவர் பல மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருந்த பூச்சி மருந்தையெல்லாம் நான் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்த காலம் அது. கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற அந்த ஆட்டம் வந்த பிறகுதான் மனிதர் வாய் திறந்தார். தினமும் மதியம் சாப்பிட்டதும் ஏதோ வெள்ளைக்காரன் ஊருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போவார். கார்டு கெட்டுப்போன அன்றிலிருந்து மறுபடியும் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, இதே மாதிரி பழைய கார்டு ஒன்று கைவசம் இருப்பதாகச் சொன்னார். "எத்தன நாளைக்கு வரும்னு கேக்காதீங்கக்கா. புதுசு போட்டா நெசமான ரோடு மாதிரியே தெரியும். மழை பேஞ்சா கண்ணாடியில தண்ணி வழியறது வரைக்கும்."



எங்கள் கார்டு மழைக்குத் திணறும் என்று தம்பி ஆட்டத்தில் மழையையே நிறுத்தி வைத்திருந்தான். அதனால் இரண்டு வருடமாக என் வீட்டுக்காரர் வெயிலில் மட்டும்தான் ஓட்டினார். தொப்பூரில் அன்றைக்கு மழை விடும்வரை அவர் ஓரங்கட்டி நின்றிருக்க வேண்டியது. நான்தான் போன் போட்டு, என் சித்தப்பா மகள் சீருக்கு நேரமாகிறது, எங்கேயும் நிற்காமல் வாங்க என்று கத்தினேன். அதற்கப்புறம் அந்த போனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. மழையைப் பார்த்தால் அவருக்கு அது ஞாபகம் வரும், வந்தால் என் முகத்தை எப்படிப் பார்ப்பார் என்பதுதான் என் பயம். பழைய கார்டு போட்டால் அது நாளைக்கே படுத்துக்கொள்ளும். அப்புறம் அந்தச் சுவர். இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுவது?

"புதுசே போடுங்க. மழைய மட்டும் நிறுத்தி வெக்க முடியுங்களா?" என்றேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "மழையில்லாம புது கார்டு எதுக்குக்கா?"

பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் மழை உட்பட எல்லாவற்றையும் ஓட விட்டுத்தான் பெட்டியைக் கட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மதியம் என் வீட்டுக்காரர் ஆட்டத்துக்கு உட்கார்ந்தார். பாத்திரம் கழுவுகிற சாக்கில் நான் சமையல்கட்டு வாசலிலேயே நின்றேன். முதல் அரைமணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் மேகம் கறுத்தது, கண்ணாடியில் மழை சடசடவென்று விழ ஆரம்பித்தது. வைப்பர் ஆடியது. அவர் தோள் விறைத்ததைப் பார்த்தேன்.

அவர் வேகத்தைக் குறைத்தார். இண்டிகேட்டர் போட்டார். லாரியை ஓரமாக ஏற்றி, பிரேக் பிடித்து நிறுத்தினார். பின்னால் வந்த வண்டிகள் கடந்து போயின. அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அசையாமல் இருந்தார். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, மழை விடவில்லை.

"ஏனுங்க, இது வெறும் ஆட்டந்தானுங்க. வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"இந்தத் தடவையாச்சும் அவசரப்படுத்தாத புள்ள" என்றார்.