மூக்கு கனத்த படகு

சென்னகிருஷ்ணனை எனக்குப் பிடிக்காது. ஓசூரில் ஆறு வருடமாக எங்கள் இரண்டு பட்டறைக்கும் நடுவே ஒரே தகரச் சுவர். அவன் பைபர் தேய்க்கும் தூசி என் சோற்றில் விழும். என் வெல்டிங் பொறி அவனுடைய தீப்பிடிக்கும் ரெசின் பசை ட்ரம் பக்கம் பறக்கும். வாய்ச்சண்டை இல்லாத நாளே கிடையாது.

கெலவரப்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பம். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி செய்ய வந்தவன். ஜவளகிரியில் யானை முட்டியும் அவனுடைய தொட்டி ஒன்று உடையவில்லையாம். அன்றிலிருந்து எதைச் செய்தாலும் பைபரில் ஒரு லேயர் சேர்த்துத்தான் போடுவான். கழிவறைக் கதவைக்கூட இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். அதையும் பெருமையாகச் சொல்லித் திரிவான், தலைக்கனம் பிடித்தவன்.

இவனிடம் போய்த்தான் பெங்களூரிலிருந்து வந்த பிரியதர்ஷினி என்ற அம்மா தன் பாய்மரப் படகைக் கட்டக் கொடுத்தார். குடும்பத்தோடு தங்கிப் போகவும் வேண்டும், பந்தயத்தில் ஓடவும் வேண்டும் என்று இரண்டுக்கும் சேர்த்து வரைந்த வடிவம். உள்ளே நான்கு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு. வெளியே ஒடுங்கிய மூக்கு, அகன்ற பின்புறம், உயரமான பாய்மரம். உலகத்திலேயே பத்துப் பன்னிரண்டுதான் இருக்கிறதாம். மூடிப்போன ஒரு வெளிநாட்டுப் பட்டறையிலிருந்து, படகின் உடலை வார்த்தெடுக்கும் அச்சை அவரே வாங்கி வந்திருந்தார். முதல் படகு சரியாக ஓடினால் அச்சு சென்னகிருஷ்ணனிடமே இருக்கும், அடுத்த படகுகளும் அவனுக்கே என்றார். அவ்வளவுதான், போர்டில் ‘தொட்டி’யை அழித்துப் ‘படகு’ என்று எழுதிவிட்டான். செப்டிக் டேங்க் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான்.

படகின் அடியில் இறங்கும் இரும்புத் தகடு என் வேலை. அதன் நுனியில் ஈயக் குண்டு. பாய் காற்றை வாங்கிச் சாயும்போது படகைக் கவிழாமல் பிடிப்பது அதுதான். வரைபடத்தை விரித்து, மூக்கு கனத்தால் படகு தண்ணீரைக் குத்திக்கொண்டு போகும், வேகம் செத்துவிடும் என்று எங்கள் இருவரிடமும் பிரியதர்ஷினி சொன்னார். சென்னகிருஷ்ணன் நன்றாகத் தலையாட்டினான். மறுநாள் பார்த்தால் மூக்கின் உள்பக்கம் ஒரு லேயர் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

“ஏய்யா, மூக்கு லேசா இருக்கணும்னு அந்தம்மா சொன்னாகல்ல?”

“தெக்க இருந்து பொழைக்க வந்தவன், எனக்குப் பாடம் எடுக்கறியா? பாறையில இடிச்சி ஒடைஞ்சா உங்கப்பனா வருவான்? ஹோகய்யா!” என்று கன்னடத்தில் விரட்டினான். என்னை முறைத்துக்கொண்டே இன்னொரு லேயரையும் எடுத்துப் போட்டு ரோலரால் அழுத்தினான்.

கெலவரப்பள்ளி அணையில் கிரேன் வைத்துப் படகை இறக்கினோம். மூக்கில் தண்ணீர் மட்டத்துக்கென்று வரைந்திருந்த நீலக் கோடு உள்ளே போய்விட்டது. பின்புறம் வாத்துபோலத் தூக்கி நின்றது. பாயை ஏற்றினார்கள். நல்ல காற்றுதான். படகு தண்ணீரை முட்டி முட்டி நகர்ந்தது. சென்னகிருஷ்ணன் கரையில் வேட்டியை மடித்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

“தேய்ச்சி எடுத்துடறேங்கம்மா” என்றான், பிரியதர்ஷினி கரைக்கு வந்ததும்.

“எப்படி எடுப்பீங்க? அடி லேயரும் சேர்ந்து வந்துடும். ஒரு லேயர்னா பேட்டரியைப் பின்னாடி தள்ளி வெச்சு நானே சமாளிச்சிருப்பேன். நீங்க ரெண்டு போட்டிருக்கீங்க” என்றார் அவர்.

அந்த வாரமே லாரி வந்தது. படகும் போயிற்று, அச்சும் போயிற்று. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். லாரி தெருமுனை தாண்டியதும் சென்னகிருஷ்ணன், ஆறு வருடத்தில் முதல் தடவையாக, என் பட்டறைக்குள் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

“நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா ஒண்ணோட நிறுத்தியிருப்பேன்டா, மாரிமுத்து.”

வெளியே போடா என்று கத்தினேன். போனான். அவன் சொன்னது நிஜம் என்பதால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.