சிவப்பு மையில் அறுபது வாக்கியங்கள்

என் மனைவி நாற்பத்தாறாவது வயதில் ஆங்கில இலக்கணம் படிக்க உட்கார்ந்தாள். விரும்பி உட்காரவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அவள் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துவந்த தனியார் பள்ளி, தமிழ்வழிப் பிரிவை மூடிவிட்டது. ஆடி மாதம் ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு ஒன்று நடக்கும், அதில் தேறுகிற ஆசிரியர்கள் மட்டும் தொடரலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அவள் அதை நான்காக மடித்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்கதான் சொல்லிக்குடுக்கோணும்," என்றாள்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சேகோ ஆலையின் அலுவலகத்தில் எனக்கு வேலை. வடக்கே ஜவ்வரிசி வாங்குகிற வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவேன். என் கடிதத்தில் யாரும் பிழை கண்டுபிடித்ததில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பும் எழுதிவருகிறேன். ஆகவே பாடத்துக்கு ஒரு முறை வகுத்தேன். இரவுச் சமையலுக்கு முன் அவள் பத்து வாக்கியங்கள் எழுத வேண்டும். காலை ஐந்து இருபதிலிருந்து ஆறு வரை நான் சிவப்பு மையில் திருத்துவேன். ஆறு மணிக்கு மதிப்பெண் சொல்வேன். ஏழு பத்துக்கு அவளுக்குப் பேருந்து.

வைகாசியில் தொடங்கினோம். ஆறாவது வாரம் பாஸ்ட் பர்ஃபெக்ட் கன்டினியுவஸ் டென்ஸ் வந்தது. புத்தகத்தை விரித்து, விரலை அந்தத் தலைப்பின்மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, இதுக்குத் தமிழ்ல என்னங்க பேரு?"

"தமிழ்ல தனியாப் பேரெல்லாம் இல்ல. இங்க பாரு. கரண்டு போனப்ப நீ அரை மணி நேரமா மாவாட்டிட்டு இருந்தே. ஆட்டறது முன்னாடியே ஆரம்பிச்சு நடந்துட்டே இருக்குது. கரண்டு போனது அப்புறம். ரெண்டும் முடிஞ்சுபோன சங்கதி. அதுல முன்னாடியிருந்து நடந்துட்டிருந்ததுக்குத்தான் ஹேட் பீன்."

ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, அதன் முடிவில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினேன். கோடு மாவாட்டுவது, புள்ளி கரண்டு போனது.

"கரண்டு போனா நான் உங்களையில்ல வைவேன். அதுக்கு எந்த டென்ஸுங்க?"

புத்தகத்தில் இருந்த பயிற்சி ஜான் என்பவனைப் பற்றியது. ஜான் இரண்டு மணி நேரமாக ரயிலுக்குக் காத்திருந்தான். அவள் அதை ஒதுக்கிவிட்டாள்.

"அந்த ஜான எனக்குத் தெரியாதுங்க. நான் எங்கூட்டுக் கதையவே எழுதிக்கறேன்."

ஆறு நாட்கள், அறுபது வாக்கியங்கள். முதல் நாள் பத்துக்கு நான்கு, கடைசி நாள் ஒன்பது. இதை என் நாட்குறிப்பிலிருந்து எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் மதிப்பெண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே மழை பெய்ததா, ஆலைக்கு எத்தனை லோடு மரவள்ளிக் கிழங்கு வந்தது என்பதும் இருக்கிறது.

ஆடியில் தேர்வு எழுதினாள். முடிவு தெரிந்த அன்று என் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அவள் அங்கே போன் செய்தது அதுவே முதல் தடவை. "பாஸுங்க," என்றாள். அதற்குமேல் பேசத் தெரியாமல், "சேரி, வெச்சர்றேன்," என்று வைத்துவிட்டாள்.

புரட்டாசியில் ஒரு நாள் வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். ராசிபுரத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டர் சேலத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சேலத்தில் எங்களைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வயித்துவலி எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார்.

நான் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். 'மனைவிக்கு வயிற்று உபாதை. கஷாயம்' என்று எழுதிய பக்கத்திலிருந்து எண்ணி, "பதினேழு நாளா," என்றேன்.

"சித்திரையிலிருந்துங்க," என்றாள் என் மனைவி.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார். கருப்பையை ஒட்டி ஒரு கட்டி இருக்கிறது, பரவியிருக்கிறது, சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மல்லூர் தாண்டியது. பிறகு கேட்டேன்.

"சித்திரையிலிருந்துன்னு சொன்னியே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னனுங்க."

"எப்ப சொன்ன?"

"எழுதிக் குடுத்தன். நீங்க டிக்குப் போட்டுக் குடுத்தீங்க." கொஞ்சம் சிரித்தாள். "நல்லா வந்திருக்குதுன்னுகூடச் சொன்னீங்க."

அவளுடைய பயிற்சி நோட்டுகள் ஐந்து. நான்தான் எண் போட்டு அடுக்கி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மூன்றாவது நோட்டை எடுத்தேன். அந்த ஆறு நாட்களில் நான்காம் நாள், ஏழாவது வாக்கியம். தமிழில் சொன்னால் இது: 'இந்த வாக்கியத்தை நான் எழுதியபோது, இரண்டு மாதங்களாக எனக்கு வயிறு வலித்துக்கொண்டிருந்தது.'

வலிக்கு அவள் 'பெயினிங்' என்று எழுதியிருந்தாள். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் அதை அடித்துவிட்டு மேலே 'ஏக்கிங்' என்று எழுதியிருந்தேன். காற்புள்ளி ஒன்று சேர்த்திருந்தேன். பக்கத்தில் ஒரு டிக். அன்றைய மதிப்பெண் எட்டு.

நான் அந்த வாக்கியத்தைப் படித்திருக்கிறேன். அவசரமாகவும் படிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் பார்த்திருக்கிறேன். அவளுக்கு வயிறு வலிக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

"வாய் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல," என்றேன். குரலில் கோபம் வந்துவிட்டது.

"சொன்னா ஆசுபத்திரின்னு இழுத்துட்டுப் போவீங்க. பரிச்ச போயிரும். எழுதிப் பாப்பம், படிச்சுட்டுக் கேட்டாச் சொல்லலாம்னு இருந்தன்." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "நீங்க ஒண்ணுங் கேக்கல. சேரி, இவரே கேக்கலீன்னா பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நானும் உட்டுட்டன்."

அடுத்த முறை சேலம் போனபோது டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். ஆனியிலேயே வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். அவர், "அதை இப்ப சொல்றது கஷ்டங்க," என்றார். மறுபடியும் கேட்டேன். அவரும் மறுபடியும் அதையே சொன்னார்.

மருந்து ஏற்றும் நாட்களில் ஐந்து மணி நேரம் படுத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் நாற்காலியில் இருப்பேன். மூன்றாவது முறை போனபோது அவள்தான் சொன்னாள்.

"அந்த நோட்ட எடுத்துட்டு வந்திருக்கலாமில்லீங்க. சும்மாதான உக்காந்திருக்கறீங்க."

அதற்கடுத்த தடவை எடுத்துப் போனேன். பேனாவைக் கொண்டுபோகவில்லை. முதல் வாக்கியத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, இது என்ன, இது எப்போது என்று கேட்டேன்.

'அமைச்சர் வருவதற்கு முன் நாங்கள் மூன்று மணி நேரமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.' அது பள்ளியின் ஆண்டுவிழாவாம். பிள்ளைகள் சுருண்டு விழ ஆரம்பித்ததும், இவள் தன் வரிசையை மட்டும் பிரித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அதற்காக ஒரு மாதம் தலைமையாசிரியை இவளிடம் பேசவில்லை. அந்த ஒரு மாதமும் நான் இவளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

'எங்கள் மகள் பிறந்தபோது என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார்.'

"இது பொய்யி," என்றேன்.

"பொய்யா? ஆசுபத்திரி பெஞ்சுல அப்பிடித் தூங்குனீங்க. நர்சு வந்து பொம்பளப்புள்ளைன்னு எழுப்புனா, 'மணி என்ன'ன்னுதான் மொதல்ல கேட்டீங்களாமா. அவொ வந்து எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா."

அன்றைய நாட்குறிப்பில் மணி இருக்கிறது. நான்கு பத்து.

பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி எங்களைப் பார்த்து, "அய்யா இங்கயும் பாடம் நடத்தறாருங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, இப்பத்தான் படிக்கறாரு," என்றாள் என் மனைவி.

ஒரு நாளைக்கு மூன்று, சில நாள் நான்கு வாக்கியங்கள்தான் முடியும். அவள் சோர்ந்துவிடுவாள். வலி வாக்கியம் வந்தபோது நான் நிறுத்தினேன். "அதத் தாண்டிப் போங்க. அதத்தான் கேட்டாச்சே," என்றாள். மார்கழியில், வீட்டில் படுக்கையோடு இருந்தபோது, குரல் இறங்கிவிட்டது. நான் காதை அவள் வாயருகே வைத்துக்கொண்டு கேட்பேன். சில நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டே, "நாளைக்குச் சொல்றன்," என்பாள். அவசரப்படுத்தக்கூடாது என்று நானும் நோட்டை மூடிவைத்துவிடுவேன்.

தை மாதம் ஆறாம் நாள் காலையில் இறந்தாள். அப்போது நாற்பத்தொரு வாக்கியங்கள் கேட்டிருந்தேன். பத்தொன்பது மீதி.

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் போன பிறகு, ஈரோட்டில் இருக்கும் என் மகள் ஒரு வாரம் கூடத் தங்கினாள். அவளிடம் நோட்டைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அந்த வலி வாக்கியத்தையும் நானே காட்டினேன். நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பக்கத்தைத் திருப்பி, மிச்சத்தைப் படித்துக்கொண்டே போனாள். ஐம்பத்து மூன்றாவது வாக்கியத்தில் நிறுத்தி, தமிழில் சொல்லிப் பார்த்தாள்.

"'அம்மா கூப்பிட்டப்ப, நான் ரொம்ப நேரமாக் கெணத்தையே பாத்துட்டு நின்னுட்டிருந்தேன்.' எந்தக் கெணறுங்கப்பா இது?"

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லாத வாக்கியம். என் டிக் இருந்தது. என் மனைவியின் அம்மா கூப்பிட்டார் என்றால் எங்கள் கல்யாணத்துக்கு முன்பாக இருக்க வேண்டும். அந்த அம்மாவும் இப்போது இல்லை. தண்ணீர் இறைக்கப் போனாளா, விளையாடப் போனாளா, வேறு எதற்காவது போய் நின்றாளா, அதில் எழுதியிருக்கவில்லை.

"தெரியல சாமி," என்றேன். "நாங்க அது வரைக்கும் வரல."