ஆலா வந்த கிழமை

ஆடிக் கச்சான் காற்று ஓய்ந்த ஒரு காலையில், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் குழாயடியில் ஒரு பறவை விழுந்து கிடந்தது. முதுகு கருமை, வயிறு வெள்ளை. தலைமன்னாரில் சண்டைக்குத் தப்பி எங்களிடம் வந்திருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கை, அதைத் துவாயில் சுற்றி எடுத்தார்.

"இது ஆலா. எங்கட ஊருக்கு அங்கால கடலுக்குள்ள கிடக்கிற மணல்தீவில முட்டையிடுறது. காத்து இழுத்துக்கொண்டு வந்திட்டுது."

சாளை மீனைக் கிள்ளி ஊட்டியபடி அந்தத் தீவைப் பற்றிச் சொன்னார். அங்கே மரமும் இல்லை, மனிதரும் இல்லை. அடம்பன்கொடியும் சிறு பற்றைகளும்தான். சிறுமியாக இருந்தபோது, கருவாடு காயவைக்கும் தகப்பனோடு போவாராம். ஆலா கூடு கட்டாது. முட்டைகள் சிப்பித் துண்டுகள் போலப் புள்ளியோடு மணலில் கிடக்கும். பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கவேண்டும். உச்சி வெயிலில் தாய்ப்பறவை கடலில் வயிற்றை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும்.

இப்போது கடற்படை யாரையும் விடுவதில்லை. ஆனாலும் சண்டை முடிந்ததும் ஊருக்குப் போவேன் என்று, அப்பா பார்த்த கனடா மாப்பிள்ளையைச் சின்னம்மா வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொலிஸில பதியாத ஆக்கள் இப்ப வீட்டில ரெண்டு பேர்" என்று அப்பா பகிடி விட்டார். வடக்கிலிருந்து வந்து தங்குபவரைப் பொலிஸில் பதிவது வீட்டுக்காரரான அவர் பொறுப்புத்தான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கடற்கரைக்கு நானும் வருவேன், அதுவரை பறக்கவிடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். வியாழக்கிழமை ஆலா தின்ன மறுத்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, சின்னம்மா அதை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு காலிமுகத்திடல் கடற்கரைக்குப் புறப்பட்டார்.

வழியில் நடந்ததைப் பின்னாளில் அம்மா சொன்னார். சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சின்னம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. "பறந்திடும், பறந்திடும்" என்று பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாராம். துவக்குகள் நிமிர்ந்த பிறகுதான் திறந்தார். ஆலா தலைகளுக்கு மேலால் எழும்பிப் போக, ஆமிக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு பொலிஸ் பதிவைக் கேட்டார்கள்.

பொழுதுபட்டபின் அப்பா பொலிஸுக்குப் போய் அவரைக் கூட்டிவந்தார்.

"ஆலா எங்க?" என்றேன்.

"போயிட்டுது."

"தீவுக்கோ?"

"ஓம். நேர தீவுக்குத்தான்."

எனக்குக் காட்டாமல் விட்டதற்காக இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "கனடாவுக்கு ஓமெண்டு சொல்லுங்கோ, அக்கா" என்று சின்னம்மா அம்மாவிடம் சொன்னது கேட்டது. கோபம் மறந்து ஓடிப்போய், சொக்லேட் அனுப்பவேண்டும் என்று கேட்டேன்.

அனுப்பினார், பெரிய தகரப்பேணி நிறைய. தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துத் தின்றேன். அப்பாவுக்கும் நீட்டினேன். கையில் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, திரும்பப் பேணிக்குள் போட்டுவிட்டு எழுந்து போனார். அப்பாவுக்கு இனிப்புப் பிடிக்காது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.