பாய் பூட்டி வைத்த கடை

பணி ஓய்வு பெற்று அலுவலகத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்த சாமான்களுக்கு நடுவே, கோப்பு நாடாவில் கட்டிய ஒரு சாவி இருந்தது. திருத்தணியில் இருசக்கர வண்டிகள் பழுது பார்த்த ஒருவருடைய கடைச் சாவி. அவர் பெயர் என் கோப்பில் உண்டு. எனக்கு அவர் என்றைக்கும் பாய்தான். நான் திருவள்ளூரில் வருவாய்த் துறையில் குமாஸ்தாவாக இருந்தேன்.

அரக்கோணத்தில் ஒரு நிதி நிறுவனம், டெபாசிட் வாங்கியது போதாதென்று, கடைகளுக்குத் தீ விபத்துக் காப்பீடு என்று வருடா வருடம் பிரீமியமும் வாங்கிக்கொண்டிருந்தது. பாய் ஒரு தவணைகூடத் தவறவிட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில் வயர் பற்றி, கடையும் பழுதுக்கு நின்ற ஊரார் வண்டிகளும் எரிந்துபோயின. பத்திரத்தோடு அரக்கோணத்துக்கு ஓடினால், முந்தின வாரமே நிறுவனம் திவாலாகிப் பூட்டிக் கிடந்தது. இப்படிப்பட்ட நிறுவனங்களின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க மாநில அரசின் சட்டம் ஒன்று உண்டு. அதில் எங்கள் மாவட்டத்துக்காரர்களின் மனுக்களைப் பார்க்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. மனுவோடு வந்து நின்ற பாயிடம் எல்லாம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன்: "அதிகாரி வந்து பாக்குற வரைக்கும் கடைய அப்படியே உட்டு வையுங்க பாய். எதையும் தொடாதீங்க."

பதினைந்து நாளில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்தச் சட்டம் டெபாசிட் போட்டவர்களுக்கு மட்டும்தான். காப்பீட்டை நம்பிக் கடையைப் பறிகொடுத்தவருக்கு அதில் இடமில்லை. எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பார்க்கலாம் பாய்" என்றேன். அரசு அலுவலகத்தில் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. மாதம் ஒருமுறை ரயில் ஏறி வருவார். சாவியை மேசைமேல் வைப்பார். "ஒரு ஆணியக்கூட நகத்தல சார். நீங்க சொன்னாப்ல அப்படியே வச்சிகினு இருக்கேன்" என்பார். பூட்டிய கடைக்கு வெளியே, புங்கமரத்தடியில் பஞ்சர் ஒட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். வண்டி எரிந்தவர்கள் வந்து சத்தம் போட்டால், சார் சொல்லியிருக்கார் என்று என்னைக் காட்டித்தான் சமாளித்தாராம். இரண்டு வருடம் இப்படியே போனது. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வெறும் கோழைத்தனம். கடைசியாக வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "இனிமே ரயில் ஏற முடியாது சார். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். எப்ப வந்தாலும் தொறந்து பாருங்க" என்று வைத்துவிட்டுப் போனார். நான் அதை மேசை டிராயரில் போட்டேன்.

போன மாதம் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் சாக்கில் சாவியையும் எடுத்துக்கொண்டு போனேன். பாய் தவறி ஒரு வருடம் ஆகிவிட்டது என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். துருப்பிடித்த பூட்டு மல்லுக்கட்டித்தான் திறந்தது. உள்ளே கரியும் வளைந்த சக்கரங்களும் கிடந்தன. ஒவ்வொரு வண்டியிலும் சொந்தக்காரர் பெயர் எழுதிய அட்டை கம்பியில் தொங்கியது. பார்க்க வருகிற அதிகாரிக்குக் குழப்பம் வரக்கூடாதென்று, தீக்குப் பிறகு பாய் கட்டி வைத்தது. நல்ல அகலமான கடை. கழுவி வெள்ளையடித்திருந்தால் அந்த மாதமே தொழிலை நடத்தியிருக்கலாம். சட்டம் அவருக்கு ஒன்றும் தரவில்லை, சரி. இருந்த கடையையும் பூட்ட வைத்தது நான்தான்.

ஷட்டர் சத்தம் கேட்டுப் பின்வீட்டிலிருந்து அவர் மனைவி வந்தார். நான் யாரென்று சொன்னதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. சாவியை நீட்டினேன். அவர் வாங்காமல் என்னையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாத்துட்டீங்களா சார்?"

"ஆங், பாத்துட்டேம்மா."

"அப்போ, இனிமே கடையக் கூட்டலாங்களா?"